கிளட்ச் கனக்குது

செய்தி வந்தபோது நான் பாலிடெக்னிக் உணவகத்தில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா கைப்பேசியில் அழைத்து, "ஸ்டெல்லா அத்தை போயிட்டாங்க" என்றார். "எங்க, மலாக்காவுக்கா?" என்று கேட்டேன். அத்தை சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு நாட்டு எல்லையைத் தாண்டிவிடுகிற ஆள். அப்பா அழைப்பைத் துண்டித்துவிட்டார். வரிசை நகர்கிறது என்று பின்னால் நின்ற பையன் என் பையைத் தட்டினான். நான் நகர்ந்தேன். தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் 'போவது' என்ற சொல்லின் இன்னோர் அர்த்தம் எனக்கு எட்டியது. நாள் முழுவதும் சொற்களைத் திருப்பிப் போட்டு மற்றவர்களைக் குழப்புகிறவளுக்கு, அன்று சாதாரணத் தமிழ் புரியவில்லை.

முப்பதாம் நாள் திருப்பலிக்கான நினைவு மலரில் நான் எழுத வேண்டும் என்று தேவாலயப் பாடகர் குழுவினர் கேட்டார்கள். பள்ளியில் உயர்தமிழ் படித்தவள், கொஞ்சம் சிரிக்கவும் வைப்பாள் என்று நினைத்திருப்பார்கள். பங்கு மக்கள் எல்லாருக்கும் அத்தையிடம் ஒரு பங்கு உண்டு. அவருடைய கடைசி மாதத்தில் எனக்கு இருந்த பங்கையும் இதில் எழுதியிருக்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

உங்களில் பலருக்கு அத்தை என்றால் முதலில் ஹெல்மெட் நினைவுக்கு வரும். ஆங் மோ கியோ வீட்டிலிருந்து அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுப் பாட நிற்பார். அதை வெளியே வைக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, "அதுவும் மழையில ஞானஸ்நானம் வாங்கினதுதான் சிஸ்டர், இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஐம்பத்து நான்கு வயது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "பின் சீட்டுல உக்கார ஒருத்தனும் ஒத்துக்கல" என்பார்.

வண்டி ஜப்பானிய டூரிங் ரகம். ஆயிரத்து நூறு சிசி, இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் அகலமான கண்ணாடி. என்னைவிடப் பத்து வயது மூத்தது. மரியாதையாகப் பேசு என்று அத்தை சொன்னதால் நான் அதை 'மேடம்' என்று அழைத்தேன். மேடத்துக்கு வாரம் ஒரு நோய். ஒரு வாரம் எண்ணெய் கசியும், இன்னொரு வாரம் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். அத்தையின் ஞாயிறு மதியங்கள் வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு பழைய பாயின் மேல் கழிந்தன.

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது செங்காங்கில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அவர் மேலே சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் நான் கீழே போய், வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அணைத்து வைத்தேன். அது அணைந்திருந்தால் இன்ஜின் எழும்பாது. அத்தை இருக்கையைக் கழற்றி பேட்டரியைப் பார்த்தார், ஃபியூஸ்களைப் பார்த்தார், ஸ்பார்க் பிளக்கைக்கூட வெளியே எடுத்துவிட்டார். நாற்பது நிமிடம். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பிறகு இரண்டடி பின்னால் வந்து வண்டியை முழுசாகப் பார்த்தார். பொத்தான் கண்ணில் பட்டது. தூணுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த நானும் பட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "செய்யறதா இருந்தா ஒழுங்காச் செய்" என்றார். "பிரேக்கையும் டயரையும் தொடாத. மத்தது உன் இஷ்டம்."

அன்றைக்கே விதிகளும் வந்தன. நான் ஒரு கோளாறை ஒளித்து வைக்க வேண்டும், அவர் கண்டுபிடிக்க வேண்டும். வெளியாளிடம் உதவி கேட்கக் கூடாது. 'தோத்துட்டேன்' என்று அவர் சொல்லும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. அதன்பின் பெட்ரோல் குழாயை மூடி வைத்தேன். எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றை நல்லதுக்குப் பதிலாகச் செருகினேன். ஹாரன் ஒயரைப் பிடுங்கினேன். பொத்தானோடு சேர்த்து நான்கு. ஹாரனை நான்கே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, "வண்டி பொய் சொல்லாது டீ. அது சொல்றது நமக்குப் பிடிக்கலன்னாதான் வேற எதையாவது தேடுவோம்" என்றார். அந்தச் சொல்லை அப்போது நான் கேலி செய்தேன். 'ஹாரனும் பொய் சொல்லாது, அதான் பேசாம இருக்கு' என்றேன்.

போன டிசம்பர் விடுமுறையில் என்னைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, எல்லை தாண்டிக் குவாந்தானுக்குப் போனார். வழியில் மெர்சிங்குக்கு முன்னால், பெட்ரோல் போட நின்ற ஓர் எண்ணெய் நிலையத்தில் வண்டி எழும்பவில்லை. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் சத்தம். அத்தை திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நீயா?"

"இல்ல அத்தை. சத்தியமா."

"மாதா மேல?"

"மாதா மேல."

அவ்வளவுதான், நம்பிவிட்டார். ஒரு லாரிக்காரரின் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு இன்ஜினை எழுப்பினார். ஓடுகிற இன்ஜினில் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஏற வேண்டிய வோல்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. பேட்டரிக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. இருக்கைக்குக் கீழே மூன்று மஞ்சள் ஒயர்கள் சேரும் இணைப்பு உருகிக் கருகிக் கிடந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை நேராக முறுக்கி டேப் சுற்றினார். இருபது நிமிடம். கை கழுவும்போது சொன்னார்: "நீ இல்லன்னு சொன்னதுலயே பாதி வேலை முடிஞ்சது. இல்லாட்டி, நீ எங்க கை வச்சேன்னு இருட்டுற வரைக்கும் தேடியிருப்பேன்."

இந்த வாக்கியத்தை நான் இப்போது தினமும் கேட்கிறேன்.

கடைசி மாதத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை இடது முழங்கையைத் தடவியபடி, "கிளட்ச் கனக்குது டீ. துவாஸ் போய்ச் சேர்றதுக்குள்ள இந்தக் கை விட்டுப்போயிடுது" என்றார். கிளட்ச்சைப் பிடிப்பது இடது கைதான். பழைய பெரிய வண்டிகளுக்கு அது கனப்பது உண்டு. பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"நீயா?"

நான் வண்டியைத் தொட்டே இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாய் நிறையத் தோசை. சிரித்தேன். விழுங்கிய பிறகாவது 'இல்ல' என்று சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு. "கண்டுபிடிங்க பார்ப்போம்."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்தாவது ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அவருக்கு அத்தனை சந்தோஷம்.

முதல் வாரம் கிளட்ச் கேபிளுக்குள் எண்ணெய் விட்டார். கனம் குறையவில்லை. இரண்டாவது வாரம் தேக்காவுக்குப் பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் காசிம் பாயிடம் புதுக் கேபிள் வாங்கப் போனோம். பாய் கடையை விட்டு இறங்கி வந்து, நான் ஒரு தடவை பிடித்துப் பார்க்கிறேனே என்று கை நீட்டினார். அத்தை கிளட்ச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "வெளியாள் தொடக் கூடாது பாய். போட்டி நடக்குது." பாய் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாவது வாரம் லீவரைக் கழற்றி, அது திரும்புகிற போல்ட்டுக்குக் கிரீஸ் வைத்தார். அப்போதும் கனத்தது.

தாடையும் வலித்தது. ஹெல்மெட் வார் அறுக்கிறது என்று வாரை மாற்றிப் பார்த்தார். மேம்பாலப் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். வண்டிக்குப் பத்து வருடத்துக்கு ஒரு முறை உரிமம் புதுப்பிக்கிறோமே, அந்தச் சிஓஇயை வைத்து நான் ஒரு நகைச்சுவை சொன்னேன்: "அத்தைக்குச் சிஓஇ முடியப்போகுது போல." அவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு சிரித்தார். "புதுப்பிச்சிடலாம்லா" என்றார்.

ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் லீவரைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டே விரலுக்கு வந்தது. கனமே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் நினைத்தது என்னவென்றால், கனக்கிறது என்று நடித்து என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார், நான் மறுத்துப் பேசினால் ஆட்டத்தில் தோற்றவள் நான். நமக்குத் தெரிந்த வித்தையையே நம்மிடம் காட்டுகிறாரே என்று மெச்சிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

நான்காவது வாரம் புதன்கிழமை காலை வகுப்பில் இருந்தபோது அத்தையிடமிருந்து செய்தி வந்தது. 'சரி டீ தோத்துட்டேன். என்ன செஞ்ச, சொல்லு.'

வண்டியில் கைகூட வைக்காமல் ஜெயித்துவிட்டேன். இதைக் கைப்பேசியில் தட்டிவிட்டால் என்ன சுவை? மாலையில் ஆங் மோ கியோவுக்கே போய், சொல்லும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

உடம்பு சரியில்லை என்று அத்தை அன்று அரை நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். தொழிற்சாலை வண்டி நிறுத்துமிடத்தில், மேடத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்த நிலையில் அவரைக் கண்டிருக்கிறார்கள். வலது கையுறையை மாட்டியிருந்தார். இடது கையுறை மடியில் கிடந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். கொஞ்ச நாளாகவே இடது கையோ தாடையோ வலிக்கிறது என்று சொன்னாரா, படியேறினால் மூச்சு வாங்கியதா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா, "எங்கக்கா எதையும் சொல்ற ஆள் இல்ல டாக்டர்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், துவாஸில் நின்றிருந்த வண்டியை எடுத்துவரக் காசிம் பாய் தன் லாரியைக் கொண்டுவந்தார். அப்பாவும் நானும் கூடப் போனோம். ஏற்றுவதற்கு முன் பாய் வழக்கம்போல் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கிளட்ச்சை இரண்டு மூன்று தடவை பிடித்துவிட்டார். "பட்டு மாதிரி இருக்கே. ஒரு கோளாறும் இல்ல. உங்கக்கா இத்தனை நாளா எதைத் தேடினாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தது, சொன்னது, சொல்லாமல் விட்டது. பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, லாரியின் அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

"உன்கிட்ட கேட்டாங்களா, நீயான்னு?"

"கேட்டாங்க."

அவர் போய் லாரியில் ஏறிக்கொண்டார்.

இந்த மலருக்கு நான் முதலில் எழுதியது வேறு. நான்கு குறும்புகளை வரிசையாக எழுதி, குவாந்தான் கடற்கரையில் அழகாக முடித்திருந்தேன். பிழை பார்க்க அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு இடத்தில் ஒற்றெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அஞ்சாவது எங்க?"

எல்லாரும் படிப்பார்களே அப்பா என்றேன்.

"கடைசி மாசம் அக்கா எப்படி இருந்தாங்கன்னு எல்லாரும் என்கிட்ட கேக்கிறாங்க. எனக்குத் தெரியல. கூடப் பொறந்தவன், எனக்கே தெரியல. உனக்குத்தான் தெரியும். எழுது."

எழுதிவிட்டேன். 'உன் தப்பு இல்லை' என்று அப்பா இதுவரை சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். நான் 'இல்ல' என்று சொல்லியிருந்தாலும் அத்தை டாக்டரிடம் போயிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. வேறு எதையாவது கழற்றிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தப் பாதியை நான் அடைத்து வைத்திருந்தேன்.

அத்தையின் பொருள் எதையும் எனக்கென்று நான் கேட்கவில்லை. வண்டி பாயின் கடையில் நிற்கிறது, யாராவது வாங்கிப்போவார்கள். நான் வைத்திருப்பது கைப்பேசியில் உள்ள அந்தக் கடைசிச் செய்தி. திறந்து படித்தவுடன் அத்தையின் பக்கம் இரண்டு நீல டிக்குகள் விழுந்திருக்கும். நான் படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். பதில் வரும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.

என்ன செய்தாய் என்று கேட்டீர்கள், அத்தை.

நான் ஒன்றும் செய்யவில்லை.