கால் பட்டி கொளுவாமல் பறந்த அன்று

சபையார் எல்லோருக்கும் அன்பின் வணக்கம். போன வருஷம் ஆனி மாதம், மூன்று தென்னை உயரத்தில், என் இரண்டு அக்குளையும் நம்பித் தொங்கிக்கொண்டு, இத்தோடு நான் முடிந்தேன் என்று நினைத்தவன் எழுதுகிறேன். கர்த்தர் என்னை உயிரோடு இறக்கினார். அதைச் சபையில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நான் ஏன் அப்படித் தொங்கினேன் என்பதைத்தான் இவ்வளவு நாளும் மறைத்தேன். வெட்கம்.

வீடு கப்பல்துறை. வேலை ஈச்சிலம்பற்றுப் பக்கக் கடற்கரையில், உல்லாசப் பயணிகளைப் பராகிளைடரில் பறக்கவிடும் ஒரு சின்ன இடத்தில். குதிப்பதற்கு அங்கே மலை இல்லை. அதனால் தூரத்தில் வின்ச் என்கிற இயந்திரம் நின்று கயிற்றைச் சுற்றி இழுக்கும். நாங்கள் பட்டம் போல எழும்புவோம். அதை இயக்குபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ரஹீம் நானா. பயணிகள் ஏறுவதற்கு முன் முதல் ஆளாகப் பறந்து காற்றைப் பார்ப்பது என் பொறுப்பு.

பறக்கும் முன் சோதனை இருக்கிறது. பராகிளைடரின் துணிச் செட்டையை மணலில் விரித்து, அறைகளுக்குள் மண் போயிருந்தால் உதற வேண்டும். நூல்களை ஒவ்வொன்றாக விரலுக்குள் ஓடவிட்டு முடிச்சோ கீறலோ தேட வேண்டும். ஆபத்தில் விரிக்கும் அவசரப் பாராசூட் குடையின் ஊசி சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு உடம்பிலே பூட்டும் பட்டிகள்: வலது கால், இடது கால், நெஞ்சு. ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வோக்கி-டோக்கியில் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். நானா “ஓம்” என்பார். தொடாமல் சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். கண் பொய் சொல்லும், கை சொல்லாது என்பார்.

அன்று என் மனைவி ஸ்டெலா நான் பறப்பதைப் பார்க்க முதல்முறையாக வந்திருந்தாள். அவளை உங்களுக்குத் தெரியும். எங்கள் குசினியில் குக்கர் அடுப்பில் ஏறுவதற்கும் ஒரு ஜெபம் உண்டு. கடல்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. தோள் பட்டிகள் நழுவுகின்றனவே என்று நெஞ்சுப் பட்டியை முதலில் பூட்டிவிட்டு, கால் பட்டிகளைக் கொளுவக் குனிந்தேன்.

“கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு ஜெபம் பண்ணிப்போட்டுப் போங்கோ,” என்றாள்.

நிமிர்ந்தேன். கையைப் பிடித்தாள். இருவரும் கண்ணை மூடினோம். நல்ல ஜெபம், நீண்ட ஜெபம். நானும் உருகித்தான் நின்றேன். ஆமென் என்றால் நமக்குக் காரியம் முடிந்தது, இல்லையா? கண்ணைத் திறந்தபோது என் மனதில் கால் பட்டி என்ற நினைப்பே இல்லை.

வோக்கியில் நானாவின் குரல் வந்தது. “காத்து நல்லா இரிக்கி தம்பி. கால் ரெண்டும்?”

“ஓம் நானா, ஓம். எல்லாம் சரி. இழுங்கோ.”

தொடாமல் சொன்னேன். சகோதரரே, அது பொய். ஜெபித்த வாய் ஈரம் காயுமுன் சொன்ன பொய்.

கயிறு இறுகியது. நாலைந்து அடி ஓடினேன். நிலம் விட்டது. பட்டிகளோடு சேர்ந்த இருக்கையில் உட்காரக் காலை மடக்கினேன், வழுக்கிக் கீழே போனேன். நெஞ்சுப் பட்டி மேலேறித் தொண்டைக்குழியில் இறுகியது. தோள் பட்டிகள் கைகளை மேலே தள்ளின. செட்டையைத் திருப்பும் பிடி தலைக்கு மேலே. கயிற்றைக் கழற்றும் பிடி முகத்துக்கு நேரே. ஒரு கையை எடுத்தாலும் விழுவேன். கீழே மணல் சிறுத்துக்கொண்டே போனது.

வோக்கி என் நெஞ்சில் இருந்தது. பொத்தானை அமர்த்த ஏலாது. அவர் கதைப்பது கேட்கும், நான் கதைக்க ஏலாது. கத்தவும் மூச்சில்லை. நான் பூட்டிய ஒரே பட்டிதான் என்னை நெரித்தது. என்னைத் தாங்கியதும் அதுதான். ஜெபிக்கலாம் என்றால் வசனம் ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, இறக்கிவிடும். இறக்கிவிடும்.” அவ்வளவுதான். அதையும் மனதுக்குள்தான் சொன்னேன். கைகள் மரத்துவிட்டன. ஸ்டெலாவை நினைத்து அழுதேன்.

அப்போது நெஞ்சிலிருந்து குரல் வந்தது. “தம்பி, நான் கண்டுட்டன். கைய உட்டுராதீங்க. மெள்ள எறக்கிறன். அசையாதீங்க.”

நானா கயிற்றை வெட்டவில்லை. வெட்டியிருந்தால் செட்டை முன்னே பாய்ந்து என்னை உதறியிருக்கும். இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். அந்த இறக்கம் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வின்ச்சுக்குக் கிட்டே, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் மோதினேன். கணுக்கால் உடைந்தது. அலை செட்டைக்குள் புகுந்து என்னை உள்ளே இழுத்தது, பட்டி இன்னும் இறுகியது. நானா உடுப்போடு ஓடிவந்து பட்டியைக் கத்தியால் அறுத்தார். மூச்சு வந்தது. பின்னால் ஸ்டெலா தண்ணீருக்குள் விழுந்து எழும்பி வந்துகொண்டிருந்தாள்.

ஊன்றுகோலோடு சபைக்கு வந்து, ஜெபித்துவிட்டுப் போனபடியால் தப்பினேன் என்று சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. பட்டியைத் தொடாமல் சொன்ன அந்தப் பொய்யை ஸ்டெலாவிடமும் பிறகு நானாவிடமும் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை.

“அன்டைக்கு நீங்களும் வேண்டினீங்களா நானா?” என்று கேட்டேன்.

“கேக்காம இரிப்பனா தம்பி? துஆ கேட்டுக்கிட்டேதான் எறக்கினன். கண்ண மட்டும் மூடல்ல.”

அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. நான் கண்ணை மூடிக் கேட்டதை, ஆண்டவர் கண்ணை மூடாத ஒருவர் கையால் தந்தார். அவருக்கே மகிமை.

கால் குணமாகி மறுபடி பறக்கிறேன். இப்போது சோதனை முடியுமட்டும் என்னோடு யாரும் கதைப்பதில்லை. நடுவில் யாராவது கூப்பிட்டால், முதல் பட்டியிலிருந்து மறுபடியும் தொட்டு வருகிறேன். ஸ்டெலாவும் தன் கையால் என் கால் பட்டிகளை இழுத்துப் பார்த்த பிறகுதான் ஜெபத்தைத் தொடங்குகிறாள். அந்த ஜெபத்தில் எனக்கு முன்னிலும் அதிக நிம்மதி.

நெருக்கடியில் இருக்கிறவர்களே, கேளுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் உங்கள் கையில் அவர் தந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கேட்காதீர்கள்.