சின்ன நோட்டில் கோடு இல்லை

"சின்ன நோட்டுல மட்டும் ஏம்மா கோடு போடல?" என்று என் ஏழு வயது மகள் கேட்டாள். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளைத்தான் சொன்னாள்.

அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. மருந்து இல்லை, கொஞ்சமாவது தெரியும்போதே விரல்களைப் பழக்குங்கள் என்றார் புதுச்சேரி டாக்டர். நான் ரூபாய் நோட்டில் தொடங்கினேன். அது சரிதானா என்று இப்போதும் சந்தேகம். நூறு ரூபாயில் மேடாக ஒரு முக்கோணம், ஓரங்களில் நான்கு நான்கு சாய்ந்த கோடுகள். ஐந்நூறில் வட்டமும் ஐந்து ஐந்து கோடுகளும். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பிரித்துவிட்டாள். ஆனால் ஏழு வயதுக் குழந்தையிடம் ஐந்நூறை யார் கொடுத்தனுப்புவார்கள்? அவள் கைக்கு வருவது பத்தும் இருபதும் ஐம்பதும். பழைய இருபதில் ஒரு செவ்வகமும் ஐம்பதில் ஒரு சதுரமும் மேடாக இருந்தன. புது நோட்டில் அவை இல்லை. நீளத்தில்தான் கொஞ்சம் வித்தியாசம். எங்கள் ஊர்ப் பீங்கான் ஆலை வேலைக்காரர்கள் கைபட்டு, வெள்ளை மண் ஏறி, மடங்கி வரும் நோட்டில் அது எப்படித் தெரியும்?

பத்து ரூபாய் நாணயம் கொடுத்தனுப்பினேன். அதன் வளையம் விரலுக்கு உடனே தெரியும். தெருமுனைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். "பத்து ரூபா காயின்லாம் செல்லாது பாப்பா, அம்மாகிட்ட நோட்டு வாங்கியா." செல்லும் என்று அரசாங்கம் எவ்வளவு சொல்லியும் எங்கள் ஊர்க் கடைகளில் அது செல்லவில்லை.

போன வாரம் நோட்டோடு போனாள். நான் பின்னால் போய் நின்றேன். பத்து ரூபாய் பிஸ்கட்டுக்குப் பத்தென்று நினைத்து ஐம்பதை நீட்டிவிட்டு, திரும்பி நடந்தாள்.

"ஏ பாப்பா, மீதிய ஒங்க தாத்தாவா வந்து வாங்குவாரு? கண்ணு தெரியலயா ஒனக்கு?" கடைக்காரர் சிரித்தார்.

மகளும் சிரித்தாள். "தெரியுது மாமா, சும்மா வெளாட்டுக்கு."

மறைப்பதற்கு அதற்குள் பழகிவிட்டாள். வீட்டில் என் மாமியார் தினமும் சொல்வதைக் கேட்டுத்தான். "தெருவுல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. பொட்டப்புள்ள, நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க?" வெளிநாட்டில் இருக்கும் கணவரும் போனில், "அம்மா சொல்றதக் கேளேன்" என்கிறார்.

அந்தக் கடைக்காரர் அவளைக் கூப்பிட்டு மீதியைக் கொடுத்தார். எல்லாரும் கொடுப்பார்களா?

இப்படிப் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள். மாமியாரை மீறி அந்தக் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் வாழ்க்கையை நானே கெடுத்தவளாவேனா?