பிள்ளை மடுவத்துக் கமரா

1. ஏணியில் நின்ற நேரம்

பதினாறு வருட வேலையில், பாதியில் ஏணியை விட்டு இறங்கி, "இந்தக் கமராவ இப்படிப் பூட்ட மாட்டேன்" என்று நான் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

ஹட்டனில் ரஸீன் நானாவின் கடையில் போன் திருத்துகிறவளாகச் சேர்ந்தேன். பட்டன் போன் போய் ஸ்மார்ட்போன் வந்தது. பிறகு வைஃபை கமரா, சொன்னால் எரியும் பல்பு, கேட்டால் பதில் பேசும் ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாக வந்தன. எந்தப் புதுச் சாமான் வந்தாலும் பெட்டியைப் பிரித்து முதலில் ஓட வைக்கிறவள் நான்தான். கொட்டகலை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "கமராக்காரி வர்றாங்க, எடம் விடுங்க" என்பார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஓடர் வந்தது. தாய்மார் மலையில் கொழுந்து எடுக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்தில் கமரா போட வேண்டும். காரணம் நல்ல காரணம்தான். முந்தின மாதம் புஷ்பம் என்கிற தாயின் மூன்று வயதுப் பையன், யாரும் பார்க்காத நேரத்தில் கதவைத் தாண்டிப் போய்க் காணுக்குள் விழுந்துவிட்டான். மழைத் தண்ணீர் இடுப்பளவு ஓடுகிற வடிகால் காண். தோட்டக் காவல்காரர் கண்டு தூக்கியதால் பிழைத்தான். கமரா இருந்தால் மலையிலிருந்தே தாய்மார் போனில் பிள்ளையைப் பார்க்கலாம். ஒரு மடுவத்தில் சரியாக ஓடினால் தோட்டத்தின் மற்ற ஐந்து டிவிஷன்களிலுள்ள மடுவங்களுக்கும் நாங்கள்தான் போடுவோம் என்று பேச்சு.

சுவரில் துளை போட்டு, ரவுட்டரை வைத்து, மலை மறைக்கிற இடத்தில் சிக்னலுக்கு எண்டெனா கட்டி, காலையிலேயே முதல் கமராவை ஏற்றினேன். என் போனில் லைவ் வந்தது. தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் கையில் கட்டியிருந்த கறுப்பு மணிகூடத் தெரிந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

பத்து மணிக்குப் பால் கொடுக்கிற தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். சுமதி என்கிற பெண் இடுப்பில் கட்டியிருந்த படங்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, ஆறு மாதக் குழந்தையை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த போனில் அவளும் உட்கார்ந்தாள். அவ்வளவு தெளிவாக.

உடனே, ஏணியில் நின்றபடியே என் தலைத்துண்டை அவிழ்த்துக் கமராவின் மேல் போட்டுவிட்டு இறங்கினேன்.

2. யாரு யாரு பாப்பாங்க?

தோட்டத்து நலன்புரி அதிகாரி வெளியே நின்றார். நாங்கள் வெல்பெயார் ஐயா என்போம். கெட்ட மனுசன் இல்லை.

"ஐயா, பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் தான். வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருவேன். ஆபீஸ்ல ஒரு டிவியிலயும் ஓடும்."

அந்தக் குரூப்பில் தகப்பன்மார், கங்காணிமார், ஆபீஸ் கிளார்க்மார் எல்லோரும் இருந்தார்கள். மைக் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பால் கொடுக்கிற மூலை அப்படியே தெரிகிறது, இப்படிப் பூட்ட மாட்டேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"புள்ள சாகப் பாத்துச்சு. நீங்க வந்து ஆங்கிள் பேசுறீங்க. பூட்ட முடியாட்டி வேற ஆளக் கூப்பிடுறேன்."

நானாவுக்குப் போன் எடுத்தேன். ஐந்து டிவிஷன் வேலை கைவிட்டுப் போகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அவர், "அங்க நிக்கிறது நீங்க. ஒங்களுக்குச் சரின்னு பட்டதச் செய்ங்க. கடைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எனக்குச் சரியென்று பட்டது, அந்தப் பெண்களிடமே கேட்பது. சுமதி பால் கொடுத்து முடித்ததும், துண்டை விலக்கி, போனில் அந்த வெறும் பெஞ்சை அவளுக்குக் காட்டிவிட்டு மறுபடி மூடினேன். அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இத யாரு யாரு பாப்பாங்க அக்கா?"

சொன்னேன். மடுவத்து ஆயம்மா, "அப்ப நான் பேசுறதும் கேக்குமா?" என்றார். கேட்கும் என்றேன். எல்லோரும் கமரா வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என நினைத்தேன். அப்போது, கமரா போடுவதைக் கேள்விப்பட்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்த புஷ்பம் முன்னால் வந்தாள்.

"எனக்குக் கமரா வேணும். காணுக்குள்ள விழுந்தது எம் புள்ள. மலையில நிக்கிறப்ப கை கொழுந்துல இருந்தாலும் நெனப்பு இங்கதான் இருக்கு. கழட்டிக்கிட்டுப் போயிராதீங்க."

அவள் சொன்னதும் நியாயம். அன்றைக்கு என் வேலை கமராவை எடுப்பதா வைப்பதா என்பது அல்ல, எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் பார்க்க வைப்பது.

3. துரை உட்கார்ந்த பெஞ்ச்

வெல்பெயார் ஐயா சொல்லி, தோட்டத்தை நிர்வகிக்கிற துரையே வந்துவிட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நான் விளக்கம் சொல்லவில்லை. கமரா மேலிருந்த துண்டை எடுத்தேன். போனை வெல்பெயார் ஐயா கையில் கொடுத்தேன்.

"சேர், அந்த மூல பெஞ்சுல ரெண்டு நிமிஷம் உக்காருங்க. நாங்க எல்லாம் வெளிய நின்னு பாக்கிறோம்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். வாசலில் பத்துப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். கொலரைச் சரிசெய்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். இருமினார், அந்த இருமல் போனில் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ரெண்டு நிமிஷம் ஆகவில்லை, எழுந்து வந்தார்.

"எப்படிப் போடணுமோ அப்படிப் போடுங்க" என்றார்.

ஒரு கமராவைக் கதவைப் பார்க்கத் திருப்பினேன். இன்னொன்றை வெளியே, காணுக்குப் போகிற பாதையைப் பார்த்துப் போட்டேன். பெஞ்ச் இருந்த மூலை எதிலும் விழவில்லை. மைக்கை ஓஃப் பண்ணினேன். ஆபீஸ் டிவி இல்லை, குரூப்பில் பாஸ்வேர்ட் இல்லை. தாய்மாருக்குத் தனித்தனியாக எக்கவுண்ட் திறந்து கொடுத்தேன். பிள்ளை வளர்ந்து பாடசாலைக்குப் போனால் அந்தத் தாயின் எக்கவுண்டை எடுத்துவிடுவோம். இத்தனையும் முடிய மாலையாகிவிட்டது. வெல்பெயார் ஐயா கடைசிவரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் கழித்துப் புஷ்பம் மலையிலிருந்து போனில் பார்த்தபோது, மகன் மறுபடி கதவுப் படியில் நின்றானாம். ஆயம்மாவுக்குப் போன் போட்டாள். பையன் இரண்டாவது படி இறங்குவதற்குள் ஆயம்மா பிடித்துவிட்டார். அந்தக் கதவுக் கமரா நான் திருப்பியது. மற்ற ஐந்து டிவிஷன் வேலையும் எங்களுக்கே வந்தது, அதே மாதிரிப் போடச் சொல்லி.

4. சுமதியின் போன்

போன மாதம் சுமதி கடைக்கு வந்தாள். வெளிநாட்டில் இருக்கிற தம்பி அனுப்பிய புதுப் போன், டிஸ்ப்ளே உடைந்திருந்தது. பஸ் நிலையத்திலிருந்து எங்கள் கடைக்கு வர மூன்று போன் கடைகளைத் தாண்ட வேண்டும்.

"எல்லாப் படமும் இதுலதான் இருக்குக்கா. வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல. லொக் நம்பர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"சொல்லாதீங்க. டிஸ்ப்ளே மாத்துறதுக்கு நம்பர் தேவையில்ல. முன்னாலயே உக்காருங்க, முடிஞ்சதும் நீங்களே அடிச்சுப் பாருங்க."

முக்கால் மணி நேரத்தில் மாற்றினேன். அவளே நம்பரை அடித்தாள். திரை திறந்ததும் போனை என் பக்கம் திருப்பி, இப்போது நடக்கிற தன் மகளின் படத்தைக் காட்டினாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. சாமான் வாங்குகிறவர் ஒருவர், அதன் முன்னால் வாழப்போகிறவர் இன்னொருவர். ஏணியில் ஏறுவதற்கு முன் இரண்டாவது ஆளைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். சுமதி காட்டிய அந்தப் படம், நான் பார்க்கலாம் என்று அவளே நினைத்துக் காட்டியது.