அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த திரித்துவம்

கடவுளைப் பற்றி வேண்டுமென்றே தப்பாகப் பாடம் நடத்தியபோது எனக்கு எட்டு வயது. மாணவி ஒரே ஒருத்தி, என் அம்மா.

அம்மாவுக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர். வயலும் வரப்புமாக வாழ்ந்த குடும்பம், கோயில் கொடைத் திருவிழா என்றால் முன்னால் நிற்கிற வீடு. அந்தப் பக்கம் மின்வாரிய வேலைக்குப் போன என் அப்பாவை விரும்பி, தென்காசிக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் பார்க்க, "எனக்கு மகளே கிடையாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிய அவளுடைய அப்பா அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. இதை அம்மா எனக்குச் சொன்னதில்லை. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். எனக்கு அது யாருக்கோ எப்போதோ நடந்த கதை.

அத்தைக்கு அம்மாமேல் ஒரு குறை. ஞானஸ்நானம் ஆகியும் திடப்படுத்தல் ஆகவில்லை. எங்கள் சபையில் பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்துத் திடப்படுத்தினால்தான், பீடத்துக்கு முன்னால் முழங்கால்போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நற்கருணைக்குப் போகலாம். அதற்கு முன்னால் ஐயர் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். ஐயர் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் குருவானவர். வெளியூர்க்காரர்கள் முழித்தால் முழித்துவிட்டுப் போகட்டும்.

"ஒம்பது வருசமா பெஞ்சத் தேச்சிக்கிட்டு இருக்கா. மனசு இன்னும் அங்கனதான் கெடக்கு போல" என்பாள் அத்தை, அம்மாவின் காதில் விழுகிற மாதிரி.  அந்த வருஷம் யாரும் சொல்லாமல் அம்மாவே போய் ஐயரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஒங்கப்பாகூடச் சேந்து பீடத்துக்கு முன்னால ஒரு தடவையாவது முழங்கால் போடணும்ட்டி" என்றாள் என்னிடம்.

எனக்கு வயிறு எரிந்தது. நற்கருணை நேரத்தில் அப்பாவும் அத்தையும் எழுந்து வரிசையில் போய்விட, அந்த நீளப் பெஞ்சில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சுவோம். கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கும் பொரிகடலையை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைப்பாள். சாரல் காலமென்றால் முந்தானையால் போர்த்திவிடுவாள். நாள் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் ஓடுகிற அம்மா அந்தக் கால்மணி நேரம் எனக்கே எனக்கு. அதை எந்தக் கோட்டிக்காரியாவது விட்டுக்கொடுப்பாளா?

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஐயர் கொடுத்த வினாவிடைப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது. பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தோசை சுட்டுக்கொண்டே மனப்பாடம் செய்துவிட்டாள். திரித்துவத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவியும் கடவுள், ஆனாலும் கடவுள் ஒருவரே.

"மூணு பேரச் சொல்லிட்டு ஒண்ணுன்னு முடிக்காங்க. என்ன கணக்குட்டி இது?"

எனக்கு வழி கிடைத்துவிட்டது. முந்தின மாதம்தான் ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் இதே கேள்விக்கு, எங்கப்பா தாத்தாவுக்கு மகன், அம்மாவுக்குப் புருஷன், எனக்கு அப்பா, ஆள் ஒண்ணுதானே டீச்சர் என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டுகிற கதையில்லை அது, சபை ஆதியிலேயே தள்ளிவைத்த பெரிய தப்பு என்று டீச்சர் அரைமணி நேரம் விளக்கினார். அந்தப் பெரிய தப்பை அப்படியே அம்மாவிடம் ஒப்படைத்தேன்.

"அட, இம்புட்டுதானா! கூறுள்ள பிள்ளை" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். உள்ளே சுருக்கென்றது. பொரிகடலையை நினைத்துத் தைரியப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு நானும் போனேன். ஐயர் வீடு குற்றாலம் ரோட்டில். சீசன் நேரமாதலால் அருவிக்குப் போகிற வேன்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. ஐயர் வயதானவர், அதிர்ந்து பேசமாட்டார். கேட்டதற்கெல்லாம் அம்மா டாண் டாணென்று பதில் சொன்னாள். கடைசியில் திரித்துவத்துக்கு வந்தார். புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு, நானே விளக்கிச் சொல்லுதேன் ஐயா என்று அந்த மகன், புருஷன், அப்பா உதாரணத்தையும் பெருமையாக எடுத்துவிட்டாள்.

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா யோசிச்சிருக்கம்மா. ஆனா சரியா வராது. ஒரே ஆளுன்னா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் எப்படிப் பேசுவாங்க? இயேசு யோர்தான்ல ஞானஸ்நானம் எடுத்துட்டுக் கரையேறுதாரு. ஆவியானவர் புறா மாதிரி எறங்குதாரு. மேல இருந்து அப்பா கொரல் குடுக்காரு. இது எம் பிள்ளை, இதுமேல எனக்கு அம்புட்டுப் பிரியம்னு. மூணு பேரும் ஒரே நேரத்துல அங்கன இருக்காங்க. ஆனா கடவுள் ஒருத்தர்தான். அவங்களுக்குள்ள உள்ள அந்த அன்பு ஒருநாளும் அத்துப்போகாது. அதுக்கு மேல எனக்கே வெளங்காதும்மா."

 "எல்லாரு முன்னாலயுமா சொன்னாரு?" என்று கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா, நாலு பேரு கேக்கத்தான் சொன்னாரு."

அவ்வளவுதான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அத்தை என்ன பேசினாலும் கண் கலங்காதவள், ஐயர் முன்னால் சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி அழுதாள். ஐயையோ, அம்மா ஃபெயிலாகிவிட்டாள், என்னால்தான் என்று நினைத்துவிட்டேன்.

"அம்மா மேல தப்பில்ல ஐயா, நாந்தான் வேணும்னே தப்பாச் சொல்லிக்குடுத்தேன்" என்று நானும் ஓவென்று கத்தி, பெஞ்சு, பொரிகடலை என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். யாரை முதலில் தேற்றுவதென்று தெரியாமல் ஐயர் திண்டாடினார். உள்ளேயிருந்து தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அம்மாவின் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பேராயர் வாராரு. காலையிலயே வந்திரும்மா."

சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தோம். தப்பாகச் சொல்லிவிட்டதற்காகவா அழுதாய் என்று கேட்டேன்.

"அதுக்கு ஆராவது அழுவாளா? வாட்டி பேசாம" என்று என் தலையைத் தன் முந்தானையால் மூடினாள். என் மனசு நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பேராயர் அவளைத் திடப்படுத்தினார், அன்றைக்கே அப்பாவின் பக்கத்தில் முழங்கால்போட்டாள். பெஞ்சில் நான் தனியாக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம், பாவ அறிக்கை செய்யும்போதெல்லாம் அம்மாவை அழவைத்த பாவத்தையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டேன்.

ஐயர் சொன்ன அந்த வார்த்தை எனக்கும் கேட்கத்தான் செய்தது, ஒன்றும் ஆகவில்லை. என் அப்பா மின்கம்பத்தின் மேல் நின்று வேலை பார்க்கும்போதுகூட, தெருவில் நான் போனால், "அந்தா போகுதுல்லா, அது எம் பிள்ளை" என்று கீழே நிற்கிறவர்களிடம் கத்திச் சொல்வார். எனக்கு மானம் போகும், தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிடுவேன். அதே சொல்லை வேறொரு அப்பாவின் வாயிலிருந்து கேட்க ஒன்பது வருஷமாக ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?