நான் நிற்காத பலகை

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வாய் திறந்திருந்தால் இன்றைக்குப் பேனா எடுத்திருக்க மாட்டேன்.

கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம், மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. போக வரச் சைக்கிள்தான். எங்கள் சந்து மெயின் ரோட்டில் சேரும் இடம் கொஞ்சம் மேடு. மேட்டின் உச்சியில் ‘நில்’ என்று ஒரு சிவப்புப் பலகை, அதற்கு நேராகத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பலகையின் கம்பத்தில் யாராவது காதுகுத்து பிளெக்ஸைக் கட்டிவைத்திருப்பார்கள், ஆனாலும் எழுத்து மறையாது.

அது காருக்கும் பைக்குக்கும் வைத்தது என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொல்வதுகூட முழு உண்மை இல்லை. மேட்டில் இறங்கி நின்றால் மறுபடி மிதிக்கும்போது வலது முழங்கால் வலிக்கும். அதனால் கீழேயிருந்தே அழுத்தி மிதித்து, அந்த வேகம் குறையாமல் இடது பக்கம் திரும்பிவிடுவேன். மணி மட்டும் அடிப்பேன். வருகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். பல வருடம் அப்படியே ஒதுங்கினார்கள்.

அன்று காலை எட்டேகால் இருக்கும். மணியை அடித்துக்கொண்டு திரும்பினேன். வலது பக்கம் மஞ்சளாக ஒரு பள்ளிக்கூட வேன், கைக்கெட்டும் தூரத்தில். பிரேக் சத்தம் கேட்டது. வேன் என்னைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதற்காக அது வலது பக்கம் வெட்டி, ரோட்டின் நடுவில் கட்டியிருந்த சுவரில் உரசிக்கொண்டு போய் நின்றது. நான் பயத்தில் சைக்கிளோடு சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. வேனுக்குள் குழந்தைகள் அழுதார்கள். முன் சீட்டுக் கம்பியில் இடித்து ஒரு பெண் குழந்தைக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

எதிர்ப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு ஓடிவந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் விபத்தென்றால் பெரிய வண்டிக்காரர்மேல்தான் தப்பு. யார் எப்படி வந்தார்கள் என்று முதலில் யாரும் கேட்பதில்லை.

“ஏனுங்க டிரைவரே, கண்ண ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

“ரோடு உங்கப்பன் எழுதி வெச்சதுங்களா? கொழந்தைகள வெச்சுட்டு இந்தப் பறப்பு பறக்கறீங்க?”

டிரைவருக்கு என் வயது, ஐம்பதைத் தாண்டியிருக்கும். காக்கிச் சட்டை. முதலில் அந்தக் குழந்தையின் உதட்டைத் தன் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் பேசினார்.

“அவருதானுங்க நிக்காம வந்துட்டாரு. நான் மெதுவாத்தான் வந்தனுங்க.”

“சைக்கிள்ல வர்றவரு ஏரோப்பிளேன் வேகத்துலயா வந்திருப்பாரு? பெரிய வண்டிக்காரந்தான் பாத்து ஓட்டோணும்” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர் செல்போனில் படம் பிடித்தார்.

பேக்கரிக்காரர் எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்ணா, நீங்க நின்னு பாத்துத்தானுங்களே வந்தீங்க?”

பத்துப் பதினைந்து முகங்கள் என்னையே பார்த்தன. எல்லாம் எனக்காகப் பேசிய முகங்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கூட்டம் கலையும்போது டிரைவர் என் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். ஹேண்டில்பார் கோணிப்போயிருந்தது. முன் சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு திருப்பில் அதை நேராக்கினார்.

“பிரேக் கட்ட சுத்தமாத் தேஞ்சு போச்சுங்க. மாத்திப்போடுங்க” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இந்த வேல போச்சுன்னா இந்த வயசுல எனக்கு வேற எவனுந் தரமாட்டானுங்க. ஸ்கூல்ல இருந்து வந்து கேட்டாங்கன்னா நடந்தத மட்டும் சொல்லீருங்க. வேறொன்னும் வேண்டாம்” என்றார்.

“சரிங்க” என்றேன். அதைச் சொல்ல மட்டும் எனக்குக் குரல் இருந்தது.

நான் போவதற்கு முன்பே அந்த செல்போன் படம் பட்டறைக்குப் போய்விட்டது. “வாங்க ஹீரோ! வேனையே சாச்சுப்போட்டீங்களாமா?” என்று கூட வேலை செய்கிறவர் கை கொடுத்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒரு காயிலைச் சுற்று தவறிக் கட்டி, மறுபடி பிரித்தேன்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்து அலுவலகத்திலிருந்து ஒருவர், பேக்கரியில் விசாரித்துக்கொண்டு பட்டறைக்கே வந்தார். கையில் ஒரு தாள். வேன் டிரைவர் கவனமில்லாமல் வந்ததால் நடந்தது என்று அதில் எழுதியிருந்தது.

“உங்க மேல தப்பு ஏதும் இல்லீங்களே?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். “எங்காளுங்களா? எறும்பு வந்தாலும் எறங்கி நின்னு வழி உட்டுட்டு வர்ற மனுசனுங்க இவரு. கையெழுத்தப் போடு கண்ணு, அவரு போகோணுமில்ல.”

கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். இத்தனை பேருக்கு நடுவில் முதலாளி சொன்னதைப் பொய்யாக்க வேண்டுமே என்றிருந்தது. டிரைவர் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோய்ப் போட்ட கையெழுத்து இல்லை அது. தெரிந்தே போட்டேன். வார்னிஷ் பட்ட விரலால் தாளின் ஓரத்தில் ஒரு கறையும் வைத்தேன்.

காலையில் ஆட்டிய தலைக்காவது பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று மணிக்கு எந்த வேனும் என்மேல் வரவில்லை.

வேலை முடிந்து வரும்போது அந்த இடத்தில் இறங்கினேன். நடுச்சுவரில் மஞ்சள் பெயிண்ட் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டியிருந்தது. அவர் என்னைக் காப்பாற்ற எவ்வளவு தூரம் வெட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் அளந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து ரோடு முழுவதையும் தாண்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் பலகை அருகே இறங்கி நின்றேன். பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்தார். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய், நான் நிற்காமல் வந்தேன் என்று சொன்னேன். பட்டறைக்கு வந்திருந்தவரே வேறொரு தாளில் அதையும் எழுதி வாங்கி, ஃபைலில் வைத்தார். டிரைவர் முந்தின நாள் சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். வேனை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். நான் பட்டறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன்.