பின்பக்கத்துச் சென்சர்

மெக்கானிக் ஹியூபேட் எஞ்சினைக் கையால்தான் பார்ப்பார் என்பது கொட்டாஞ்சேனையில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். குறுக்காக வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்று ரேடியேட்டர் பக்கம் இருக்கும், மூன்று டாஷ்போர்ட் பக்கம். முதலாம் சிலிண்டர் இருக்கும் வரிசைதான் பேங்க் ஒன்று. கண்ணுக்கு முன்னால் தெரிவதே ஒன்று என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். ஹியூபேட் ஏமாந்ததில்லை. அவரிடம் வந்த வண்டிகளில் அநேகமாக அது பின்னால்தான் ஒளிந்திருக்கும். அங்கே கண் போகாது, விரல்தான் போகவேண்டும்.

அந்த விரல்கள் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு மரத்துப்போயின. சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை கூடியதால் வந்தது. மனைவி றேணுகாவுக்கும் சொல்லவில்லை, கராஜில் பங்காளியான இஸ்ஸதீனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கராஜில் தனக்கு என்ன வேலை மிஞ்சும் என்பதுதான் அவருடைய பயம்.

போன கிழமை ஹியூபேட் ஒட்சிசன் சென்சர் மாற்றிக்கொடுத்த சுபோதினி டீச்சரின் கார் திரும்பி வந்தது. எஞ்சின் லைட் மறுபடி எரிந்தது. ஸ்கேனரில் பழைய பிழையேதான்: பேங்க் ஒன்று, சென்சர் ஒன்று. இஸ்ஸதீன் உடனே பார்ட்ஸ் கடைக்காரர் பலீலுடன் சண்டைக்குக் கிளம்பினார்.

“உன்ட கை பிழை விடாது மச்சான். அவன்தான் பழுதானதத் தந்திருக்கான்.”

பலீல் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஹியூபேட்டுக்குத் தெரியும். கழற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இஸ்ஸதீனை மறித்தார்.

எஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரோடு இஸ்ஸதீன் சீட்டில் உட்கார்ந்தார். எந்தச் சென்சரைக் கழற்றினாலும் அதன் கோடு ஸ்கேனரில் நின்றுவிடும். ஹியூபேட் தோள்வரை கையைப் பின்னால் நுழைத்தார். எஞ்சினுக்குக் கிட்ட, புகையைச் சுத்தமாக்கும் பெட்டிக்கு முன்னால் இருப்பது சென்சர் ஒன்று. பெட்டியைத் தாண்டி இருப்பது இரண்டு. இரண்டு சென்சர்களின் வயர்களும் வந்து பொருந்தும் சோக்கட்டுகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றாம் சோக்கட்டின் கிளிப்பில் மட்டும் சிறிய மேடு உண்டு. முன்பெல்லாம் பெருவிரல் பட்டவுடன் அது தெரிந்துவிடும். இப்போது தடவித் தடவி, இதுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒன்றைக் கழற்றினார்.

“ஒண்டக் கழட்டிட்டன்.”

இஸ்ஸதீன் ஸ்கேனரைப் பார்த்தார். “ஒண்டு ஓடுது மச்சான். செத்தது ரெண்டு.”

போன கிழமையும் இதே சோக்கட்டைப் பிடித்து, அதன் வயரோடு இறங்கித்தான் புதுச் சென்சரை இரண்டின் இடத்தில் பூட்டினார். பழுதான ஒன்றாம் சென்சர் போட்டபடியே கிடந்தது. ஹியூபேட் கையை வெளியே எடுத்தார். இறைச்சி கருகும் வாடை வந்தது. எங்கிருந்து என்று சுற்றிப் பார்த்தார்.

இஸ்ஸதீன் இறங்கி ஓடிவந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல்களின் தோல் வெளுத்துக் கழன்றிருந்தது.

“எவ்வளவு நாளா?”

“நத்தாரிலிருந்து. பலீல்ட கடைக்குப் போகாத. பிழை என்ட கையில.”

இஸ்ஸதீன் அவரைப் பைப்படிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

“குளிருதா?”

ஹியூபேட் குனிந்து பார்த்தார்.

“தண்ணி ஓடுது. அது கண்ணுக்குத் தெரியுது” என்றார்.