பாக்கெட் பஞ்சு

வெர்லின் ஸ்டாக்டன் முதலில் திருப்புளியைத்தான் நீட்டுவார். கை குலுக்குவதெல்லாம் அப்புறம். எனிட் ஊர்க் கண்காட்சிக் கூடத்தில் பழைய துப்பாக்கி விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர் வரிசைக்குள் நுழைந்ததும் சிலருக்குத் திடீரென்று காபித் தாகம் எடுத்துவிடும்.

அவர் சேர்ப்பது ஒரே வகை. தொண்ணூறு வருடங்களுக்கு முன்பு துப்பறிவாளர்களும் மருந்துக்கடைக்காரர்களும் தினமும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போகவென்று பட்டறையில் கொடுத்துக் குறுக்கிக்கொண்ட ரிவால்வர்கள். குழல் இரண்டே அங்குலம். துணியில் மாட்டாதபடி, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ‘குதிரை’யின் கொம்பு அராவப்பட்டிருக்கும். விசையைச் சுற்றிய வளையத்தில் முன்பாதி இருக்காது. போன மாதம் அராவிவிட்டு ‘தாத்தா காலத்து வேலை’ என்று விற்கிற புண்ணியவான்களும் உண்டு. திருப்புளி அவர்களுக்காக.

மரப்பிடியைக் கழற்றி உள்ளே பார்ப்பார். நிஜமாகவே பாக்கெட்டில் குடியிருந்த துப்பாக்கி என்றால் பிடிக்கு அடியில் பஞ்சு அடைந்திருக்கும்: கோட்டு நூல், புகையிலைத் தூள், ஒருமுறை பெப்பர்மின்ட் துணுக்கு.

“சான்றிதழ எவன் வேணா எழுதுவான். பஞ்சு பொய் சொல்லாதுப்பா.”

முப்பத்தெட்டு வருடம் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போட்டவர். மைத்துனன் லாரியையே இரண்டு தடவை தராசில் ஏற்றியவர். “கல்யாண மோதிரத்தக் கூட சர்ச் வாசல்லயே உரசிப் பாத்த ஆளு” என்பார் மனைவி ஒலீட்டா.

வீட்டில் பதினைந்து ரிவால்வர்கள். பதினான்கு காகித உறைகள். ஒவ்வோர் உறையிலும் அந்தந்தத் துப்பாக்கியின் பஞ்சு. உறையில்லாதது அவர் முதன்முதலில் வாங்கியது. ‘துல்சா, 1934’ என்று ஊரும் வருடமும் அட்டையில் எழுதிக் கண்ணாடிப் பெட்டியின் நடுவில் வைத்திருக்கிறார். அதை மட்டும் கழற்றியதில்லை. கேட்டால், “திருகு துரு ஏறிப் போச்சு.”

இந்த வசந்தத்தில் சேகரிப்பாளர் சங்கம் அதைக் கண்காட்சிக்குக் கேட்டது. மேசையில் வைத்த அரைமணி நேரத்தில் டாய்ல் பீச்சம் வந்து நின்றார். வெர்லின் இதுவரை போலி என்று தள்ளியவற்றில் மூன்று அவருடையவை.

“யோவ் வெர்லின், என் துப்பாக்கித் துருவுக்கெல்லாம் எண்ணெய் விட்டுக் கழட்டினியே. உன் வீட்ல எண்ணெய் தீந்துபோச்சா?”

சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் காபிக்குப் போகவில்லை.

கூட வந்திருந்த ஒலீட்டா மெதுவாகச் சொன்னார்: “இதத் தொறக்கலன்னா, வெர்லின், இனிமே அடுத்தவங்க துப்பாக்கில நீ கை வைக்க முடியாது.”

 வெர்லின் மேல்பாக்கெட்டிலிருந்து திருப்புளியை எடுத்தார். திருகு வெண்ணெயாகச் சுழன்றது. துரு மருந்துக்குக்கூட இல்லை, பஞ்சும் இல்லை. பிடிக்கு அடியில் இரும்பு பளபளத்தது.

 டாய்ல் வெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

வெர்லின் பிடியை மாட்டித் திருகை இறுக்கினார். அட்டையில் ‘துல்சா, 1934’ என்பதை அடித்து, ‘போலி. ஏமாந்தவர்: வெ. ஸ்டாக்டன்’ என்று எல்லாருக்கும் தெரிகிற எழுத்தில் எழுதி வைத்தார்.

“அந்த இரும்ப இனிமே என்ன செய்யப் போற?” என்றார் டாய்ல், குரலைத் தாழ்த்தி.

எழுபத்துநான்கு வயது வெர்லின் புதிய பஞ்சு உறை ஒன்றில் அன்றைய தேதியைக் குறித்துச் சட்டைப்பையில் செருகினார். குண்டில்லாத அந்த ரிவால்வரைச் சாவிக்கொத்தும் கைக்குட்டையும் கிடந்த கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டு, அடிவரை இறங்கும்படி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.